பொட்டு வைத்த தண்ணீர்த் தொட்டி

பன்னிரண்டரை மணிக்குச் சரசு முகம் கழுவுவாள். அவள் வேலை பார்க்கிற கலை மன்றக் கூடத்துக்குப் பின்னால் ஒரு குழாய், குழாய்க்கு மேலே நீல டைல்ஸ். முதலில் வலது சுண்டுவிரல் நகத்தால் நெற்றிப் பொட்டை ஓரத்தில் நெம்புவாள். வெடுக்கென்று பிய்க்க மாட்டாள்; தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பிஸ்கட்டை எடுப்பதுபோல எடுப்பாள். அதை டைல்ஸில் ஒட்டிவிட்டு, மூன்று கை தண்ணீர் அடித்து, முந்தானையால் ஒற்றி, கைப்பையிலிருக்கும் சின்ன டப்பாவைத் திறந்து பவுடர் போட்டுக்கொண்டு, பொட்டைத் திரும்ப எடுத்துக் கண்ணாடி பார்க்காமலே வைப்பாள். ஒரு நூல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாது. ஒரு பொட்டு நான்கு நாள் வரும். அதற்குள் ஒட்டுகிற பக்கம் பவுடர் ஏறி வெளுத்துப் பிடிமானம் போய்விடும். செத்த பொட்டை டைல்ஸிலேயே விட்டுவிட்டு அட்டையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்வாள்.

இப்படி அந்தச் சுவரில் முப்பது நாற்பது பொட்டுகள் சேர்ந்திருந்தன. பெங்களூரிலிருந்து வந்த ஓர் ஓவியர் அதை மூன்று கோணத்தில் படம் பிடித்துவிட்டு, இதைச் செய்த கலைஞர் யார் என்று கேட்டார்.

"கை கழுவீட்டீங்கன்னா குழாய மூடிட்டு வாங்க சார்" என்றாள் சரசு.

மைசூரில் சரஸ்வதிபுரம் பக்கம் இருக்கிற அந்தக் கலை மன்றத்தில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. கூட்டிப் பெருக்குவது, குத்துவிளக்குக்குத் திரி போடுவது, படம் மாட்ட ஆணி அடிப்பது, ஆணி பிடுங்கிய ஓட்டையை அடைப்பது, மிச்ச நேரம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. புருஷன் வேலாயுதம் கட்டட வேலைக்குப் போகிறவன். இருவருக்கும் ஊர் ஹனூர் பக்கம்.

மன்றத்தில் வெள்ளிக்கிழமை ஒரு கண்காட்சி தொடங்கினால் அடுத்த வாரத்து ஞாயிறு முடியும். பிறகு அடுத்தவர். படங்கள் மாறுகின்றன என்பது நோட்டீஸில் போடுகிற பேச்சு. மாறுவது ஆட்கள்தான். யார் வந்தாலும் தசரா யானை வரும், விளக்குப் போட்ட அரண்மனை வரும், தேவராஜ மார்க்கெட்டின் பூக்குவியல் வரும். போன வருடம் மட்டும் பதினோரு யானைக்கு அவள் ஆணி அடித்தாள். பன்னிரண்டாவது வந்து இறங்கியபோது, "இதுகளுக்குக் கரும்பு போட்டே மன்றம் அழிஞ்சுரும்" என்று சொல்லிவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தாள்.

திறப்பு விழா அதைவிடக் கேவலம். சிறப்பு விருந்தினர் என்று ஒருவர் வருவார். படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். அவர் தலையில் சரிகை போட்ட மைசூர் பேட்டா தலைப்பாகையை வைப்பார்கள். மன்றத்துக்கென்று இருப்பது ஒரே தலைப்பாகை. அது பிஸ்கட் டின்னில் வாசம் செய்வது. கைதட்டல் ஓய்ந்ததும் பின்னாலிருந்து போய் அதை வாங்கி வருவது சரசுவின் வேலை. "அது அடுத்த புரோகிராமுக்கு வேணும் சார்" என்பாள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ பெரிய தலைகளை அவள் வழுக்கையாகப் பார்த்துவிட்டாள்.

விற்றுப்போன படத்தின் பெயர்ச்சீட்டு ஓரத்தில் சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டுவார்கள். அதற்கென்று வைத்திருந்த ஸ்டிக்கர் ஒருநாள் தீர்ந்துபோனது. செயலாளர் கிருஷ்ணராஜ், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணும்மா சரசம்மா" என்றார். சரசு தன் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டினாள். அதே சிவப்பு, அதே அளவு. அன்றிலிருந்து ஸ்டிக்கர் வாங்குகிற பேச்சே இல்லை.

பொட்டு அவள் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஓவியர்கள் அவளிடம் தனியாக வந்து குழையத் தொடங்கினார்கள். முதல் நாளே சும்மா இரண்டு பொட்டு வைத்துவிட வேண்டுமாம். ஏற்கெனவே விற்கிறது என்று கண்டால் மற்றவர்களும் வாங்குவார்களாம்.

"கட்டாத பொண்ணுக்குத் தாலி போட்டுக் காட்டுனா, எவன் சார் பொண்ணு கேட்டு வருவான்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு ஒட்டியும் கொடுப்பாள். பேங்க்கில் மேனேஜராக இருந்தவர்கள், காலேஜில் பாடம் நடத்தியவர்கள் எல்லாம் ஒரு பொட்டுக்குத் தன் முன்னால் பல்லிளிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது.

"ஏன்டி, ஒரு நெத்திக்கு மாசம் நாலு அட்டையா?" என்று வேலாயுதம் ஒருமுறை கேட்டான்.

"நெத்திக்கு ஒண்ணுதான். மிச்சம் யானைக்கு."

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் லிங்கப்பன் வந்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற ஒப்பந்த வேலை. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வரவேண்டிய யானைக்காரர் ஒருவர் கடைசி நேரத்தில் வராததால் அந்தப் பத்து நாள் அவருக்குக் கிடைத்தது. பன்னிரண்டு படங்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். பன்னிரண்டிலும் மொட்டை மாடி. மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. ஒன்றில் தொட்டியின் மூடி காற்றில் போய்விட்டிருக்கிறது. அதற்குப் பதில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மேலே கல்லை வைத்திருக்கிறார்கள்.

"ஏனுங்ண்ணா, வேற எதுவும் வராதுங்களா?" என்றாள் சரசு.

"வராதுங்க அம்மிணி" என்றார் அவர். பேச்சைக் கேட்டதும் நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. அதற்காக அவள் இளகிவிடவில்லை.

"உங்களுக்கு எத்தன பொட்டு வைக்கறதுங்க?"

விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க. வித்தா வைங்க." பிறகு, யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "புள்ள பேறுகாலத்துக்கு அடுத்த மாசம் வருதுங்க. இருக்கறது ரெண்டு ரூமு. ஒண்ணு பூராவும் இந்தப் படந்தான். இந்தத் தடவ ஒண்ணாச்சும் வித்தா தொடர்ந்து போடறது, இல்லீனா பிரஷ்ஷு பெயிண்டெல்லாம் தூக்கி எடைக்குப் போட்டர்றதுன்னு ஊட்டுக்காரிகிட்டச் சொல்லிப்போட்டனுங்க."

போட்ட சபதத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டாள் சரசு. பொட்டும் வேண்டாமாம், விற்கவும் வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. லிங்கப்பனின் மனைவி மாதம்மா பட்டுப்புடவையில் வந்து, கதவோரத்து நாற்காலியில் ஒரு தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படங்களை ஏறிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. வீட்டில் பார்க்காததா. கிருஷ்ணராஜ் பேசினார். "ஆறு நாள் கீழே குனிந்து மீட்டர் பார்ப்பவர், ஏழாம் நாள் நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறார்" என்றார். பேச்சை முடித்ததும் தானே முதலில் கைதட்டினார். தொன்னையில் தயிர்சாதம் கொடுத்தார்கள்.

பன்னிரண்டரைக்குச் சரசு பொட்டை டைல்ஸில் ஒட்டிவிட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போது, "சரசம்மா, பேட்டா" என்று செயலாளர் குரல் கொடுத்தார். சிறப்பு விருந்தினர் தலைப்பாகையோடு காரில் ஏறப் போகிறாராம். ஈர முகத்தோடு ஓடி, அதை மீட்டுக்கொண்டு திரும்பி வந்தால் பொட்டைக் காணவில்லை. மூன்றாம் நாள் பொட்டு. சாக்கடைக்குள் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை பெருக்கும்போது பார்த்தாள். தட்டுக் கவிழ்த்த தொட்டியின் பெயர்ச்சீட்டில் சிவப்பாக ஒன்று ஒட்டியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆக, இவரும் அப்படித்தான். எங்கேயோ ஒரு அட்டை வாங்கிவந்து, ஆள் பார்க்காத நேரத்தில் தானே ஒட்டிக்கொண்டாகிவிட்டது. கேட்டு வாங்கிய மேனேஜர்கள் தேவலை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த லிங்கப்பன் அந்தப் படத்தின் முன்னால் அப்படியே நின்றார். "அம்மிணி, இது யாரு வாங்குனதுங்க?"

"எனக்கெப்படிங்க தெரியும்? உங்களுக்கே தெரியாததா."

"செயலாளரு ஐயா சொல்லலீங்களா?"

"அவரு மக ஊட்டுக்கு பெங்களூர் போயிட்டாரு. எக்சிபிஷன் முடியற ஞாயித்துக்கெழமதான் வருவாரு. நீங்க இப்படி நின்னு பாக்கற அழகுக்கே இன்னொண்ணு விக்கும் போங்க."

குத்தல் அவருக்கு உறைக்கவே இல்லை. செல்போனை எடுத்து, படத்தை விட்டுவிட்டு, பொட்டை மட்டும் கிட்டத்தில் போய் நான்கு முறை பிடித்தார். என்ன நடிப்பு என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி வியந்தாள் சரசு.

புதன்கிழமை வயதான தம்பதி ஒன்று வந்தது. அந்த அம்மாள் தட்டுக் கவிழ்த்த தொட்டியின் முன்னால் நின்று சத்தமாகச் சிரித்தார். "ஏன்றீ, இங்க பாருங்க. நம்ம மாடியில நான் பண்ணின வேலை. இதே தட்டு, இதே கல்லு." கணவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் காசு குடுத்து வேற மாட்டணுமா?" என்றார். போனார்கள். அரை மணி கழித்து அந்த அம்மாள் மட்டும் திரும்பி வந்தார்.

"இது எஷ்டும்மா? என்ன விலை?"

"சேல் ஆய்த்தும்மா. பொட்டு இருக்கு பாருங்க."

"வாங்கினவங்க கேன்சல் பண்ணினா..."

"பண்ண மாட்டாங்கம்மா. போன எக்சிபிஷன் யானை ஒண்ணு உள்ள இருக்கு, காட்டட்டுங்களா?"

யானை வேண்டாம் என்று அந்த அம்மாள் போய்விட்டார். தெருமுனை திரும்பும்வரை சரசு பார்த்துக்கொண்டிருந்தாள். தாலி போட்டுக் காட்டினால் இதுதான் நடக்கும், நன்றாக வேண்டும். அன்றைக்கு மத்தியானம் சோறு அவளுக்கு ருசியாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணராஜ் வந்தார். லிங்கப்பனும் மாதம்மாவும் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாங்கியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று லிங்கப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். கிருஷ்ணராஜ் விற்பனை நோட்டைப் புரட்டினார். எதுவும் இல்லை.

"யாரும்மா பொட்டு வெச்சது?"

எட்டு நாளாகச் சரசு காத்திருந்த கேள்வி. "அவரேதான் சார். அவரையே கேளுங்க."

லிங்கப்பன் எழுந்து நின்றார். "நான் வைக்கலீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் சரசுவுக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துடும்மா அதை" என்றார் செயலாளர்.

சரசு போய்ச் சுண்டுவிரல் நகத்தால் நெம்பினாள். பொட்டு கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தாள். அட்டையிலிருந்து எடுத்து ஒட்டிய பொட்டின் பின்பக்கம் மினுமினுவென்று இருக்கும். இது பவுடர் ஏறி வெளுத்திருந்தது. நடுவில் காய்ந்துபோன பொருக்கு ஒன்று. சுவர்ச் சுண்ணாம்பாக இருக்கும். மூன்றாம் நாள் பொட்டு. அவளுடைய பவுடர். தலைப்பாகைக்கு ஓடிய ஓட்டத்தில் விரலோடு வந்து இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறெப்படி.

பேசாமல் அதைக் கசக்கி எறிந்திருக்கலாம். ஊரில் அத்தனை பேரையும் பொய்யன் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அன்றைக்கு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், இது என்னோடது" என்றாள். "அண்ணா, உங்க மேல தப்பில்லீங்க. என் நெத்திப் பொட்டு. தெரியாம ஒட்டிப்போச்சு." நிறுத்தினாள். பிறகு மீதியையும் சொன்னாள். "புதன்கெழம ஒரு அம்மா அந்தப் படத்த வெலைக்குக் கேட்டாங்க. வித்துப்போச்சுன்னு நாந்தான் அனுப்பிச்சுட்டேன்."

கிருஷ்ணராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். லிங்கப்பன் நிமிர்ந்தார்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"தட்டக் கவுத்துனதப் பாத்தாங்களா?"

"அதப் பாத்துத்தான் சிரிச்சாங்க. அவங்க மாடியிலயும் அப்படித்தானாம்."

"எப்படிச் சிரிச்சாங்க?"

இதென்ன கேள்வி. ஆனாலும் சரசு சிரித்துக் காட்டினாள், தன்னால் முடிந்தவரை. அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். முதலில் வந்தது, போனது, திரும்பி வந்தது, விலை கேட்டது, யானை வேண்டாம் என்றது. யானையை வேண்டாமென்ற இடத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"தொட்டி இல்லீன்னதுக்கு யானையே வேண்டாம்னு போயிட்டாங்களாம்" என்றார் மனைவியிடம். "அப்ப இது வித்த மாதிரிதான?"

சபதம் இப்படித்தான் முடியும் என்று சரசுவுக்குத் தெரியும். மாதம்மா விடமாட்டாள், இரண்டு ரூம் இருக்கிற பொம்பளை எவளும் விடமாட்டாள் என்று எதிர்பார்த்து நின்றாள். மாதம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"கேட்டாலே வித்த மாதிரித்தான். தூக்கிட்டு நடங்க, ஆட்டோக்காரன் நிக்கறான்."

இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது சரசுவுக்கு அதிசயமாக இருந்தது. அன்றைக்கு அவள் புதன்கிழமை வந்த அம்மாளின் பெயரைத் தேடி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். 'நைஸ்' என்று எழுதி ஒரு கோடு இழுத்திருந்தார்கள். விலாசம் இல்லை. அதற்குப் பிறகு சரசு யாருக்கும் பொய்ப் பொட்டு வைக்கவில்லை. ஓவியர்களுக்குக் கோபம். அவர்களே அட்டை வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

மூன்று மாதம் கழித்துக் கொள்ளேகால் போகிற பஸ்ஸில் மாதம்மா பக்கத்து சீட்டில் இருந்தாள். பேத்தி பிறந்திருக்கிறதாம். அவர் மாடியில் ஓலைக்கீற்று கட்டி அங்கே உட்கார்ந்து படம் போடுகிறாராம். பேசிக்கொண்டே வந்தவள், டி.நரசீபுரம் தாண்டியதும் சரசுவின் நெற்றியைப் பார்த்தாள்.

"அந்தப் பொட்டு உங்க கைத் தப்பில்லீங்க. பாட்டல்ல தண்ணி புடிக்கப் போனேன். செவுத்துல இருந்துச்சு. பொட்டு வெச்சா வித்ததுன்னு இவரு சொல்லியிருந்தாரு, எடுத்தாந்து நாந்தான் ஒட்டுனேன்."

சரசுவின் சுண்டுவிரல் நெற்றிப் பொட்டுக்குப் போனது.

"படத்த உட்டுட்டாருன்னா ஞாயித்துக்கெழம ஊட்லயில்ல உக்காருவாரு. கொழம்பு உப்புலருந்து அடுப்பு வரைக்கும் மீட்டர் பாப்பாருங்க, எம் பொழப்பு ஆகாது. எதுல ஒட்டறதுன்னு தெரியல. நம்மூட்டுத் தட்டு இருந்துச்சா, அதுல வெச்சேன். உங்க பொட்டுல பசையே இல்லீங்க. தயிர்சோத்துப் பருக்கை ஒண்ணு வெச்சுத்தான் ஒட்டுனேன்."