எறணாகுளத்தில் நான் வாசித்த ஒரே தமிழ் அட்டை

என் எழுத்து மேலும் கீழுமாக ஓடுகிறது. சில இடங்களில் மை கொட்டியும் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகி எட்டு மாதந்தான் ஆகிறது. நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கான இந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் பிடித்தது.

நம் வாசகசாலைக்காரர்கள் பலர் எறணாகுளத்து அறிவியல் கண்காட்சிக்குப் போக நினைப்பதால் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நானும், மிளகுக் கிடங்கில் என்னோடு சாக்கு தைக்கும் மாதவனும் மட்டாஞ்சேரி ஜெட்டியில் ஒன்பதேகால் போட்டைப் பிடித்தோம். ஆளுக்கு முப்பத்தைந்து காசு. பத்து மணிக்குள் அக்கரை. அங்கிருந்து மண்டபத்துக்குப் பத்து நிமிட நடை. நுழைவு இலவசம்.

முதலில் ஒரு டாக்டர் அரை மணி நேரம் பேசினார். "நிர்ஜலீகரணம்" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

"அது எந்தா சாதனம்?" என்று மாதவன் என்னைக் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? நீதானே மலையாளி" என்றேன்.

சுவரெல்லாம் மலையாள அட்டைகள். எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு தமிழ் அட்டை தொங்கியது. ஓடிப்போய் நின்றேன்.

"ஆசானே, நீங்க ஓரோ அட்சரமா வாசிக்கறதுக்குள்ள கடைசி போட்டும் போயிரும்" என்றான் மாதவன்.

எழுத்துக் கூட்டி, அவனுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தேன். குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. பிழையில்லாமல் முடித்த பெருமையில் மாதவனைப் பார்த்துச் சிரித்தேன். என்னைப்போல் வாசிப்பவனுக்கு அர்த்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே வந்தது.

எங்கள் மகள் ராஜத்துக்கு அப்போது மூன்று வயது. வயிற்றோட்டம் என்றால் தண்ணீர் காட்டக்கூடாது என்பது அந்நாளில் எல்லா வீட்டிலும் வழக்கம். குழந்தை தண்ணீர், தண்ணீர் என்று கேட்டது. மனம் கேட்காமல் என் மனைவி கமலம் டம்ளரை எடுத்தாள். அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கியவன் நான். இரண்டாம் நாள் மத்தியானம் ராஜம் போய்விட்டாள்.

அட்டைக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்ல நின்ற பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்ணிடம், "இது எப்பம்மா கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்ச வருஷமாத் தெரியும் மாமா."

"எங்க வீட்டுக்காரிக்கு முப்பது வருஷம் முந்தியே தெரியும்."

அவள் சிரித்தாள். "அப்ப அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

அந்தப் பெண்மேல் குறையில்லை. உடம்பில் தண்ணீர் வற்றுவதை நிர்ஜலீகரணம் என்று, தெரிந்ததை யாருக்கும் விளங்காமல் அரை மணி நேரம் பேசியவர்மேல்தான் கோபம். அதைவிட என்மேல்.

வீட்டுக்கு வந்ததும் கமலம் கேட்டாள்: "எல்லாம் வாசிச்சேளா? என்ன போட்டிருந்தது?"

"ஏதோ நட்சத்திரம், கிரகம்" என்றேன்.

போகிறவர்கள் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டாம். நேரே கதவுக்குப் பின்னால் போங்கள். போக முடியாதவர்களுக்கு அட்டையில் உள்ளது இதுதான்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய சின்னக் கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தை சோர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள்.

இதைப் பெரிய எழுத்தில் எழுதி எங்கள் தெருக் குழாயடியில் ஒட்டிவிட்டேன். கமலம் தினமும் அங்கேதான் தண்ணீர் பிடிக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று இன்று காலையும் கேட்டாள். அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அவள் சொன்னதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.