சேவியர் வாசிக்காமல் விட்ட வரி

கண் போனதைவிட யாரையும் நம்ப முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். அதை மறைக்காமல் சொல்லத்தான், சகோதர சகோதரிகளே, இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் பெயர் மேரி. இங்கே பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருக்கிறோம். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கண் அழுத்த நோய் முதலில் ஒரு கண்ணை எடுத்தது, பிறகு மற்றதையும். மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தேன். அதன்பின் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். பக்கத்து வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார். மீன்காரர் பழைய மீனை என் தலையில் கட்டுகிறார். என் வீட்டுக்காரர் சேவியர் அன்பாகப் பேசினால் எதையோ மறைக்கிறார்.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. சேவியர்தான் வாசித்தார்.

“ஈஸ்டர் முடிஞ்சு வந்து கம்ப்யூட்டர் டெஸ்ட் செய்யணுமாம், மேரி. பாஸ் ஆனா பழைய வேலையே தர்றாங்களாம்.”

நடுவில் ஒரு இடத்தில் எச்சில் விழுங்கினார். எனக்குக் கேட்டது. இது வேலையை விட்டு நிறுத்தின கடிதம், என்னைத் தேற்ற இவர் கதை கட்டுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். கடிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வேறு யாரிடம் கொடுப்பது? எல்லாரும் அவருக்கு வேண்டியவர்கள். ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “ஆண்டவரே, என்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஒரு ஆளை அனுப்பும்.”

வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கோயில் அறிவிப்பில் கேட்ட கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். பார்வையற்றோருக்கான வகுப்பு. ரவி சார் முதல் நாளே ஹெட்போனைக் கொடுத்து, “விளையாடுங்கக்கா” என்றார். இடது காதில் கொசு ரீங்காரமிட்டால் இடது அம்புக்குறியைத் தட்ட வேண்டும். வலது என்றால் வலது. கம்ப்யூட்டர் குரல் ஒரு எழுத்தைச் சொன்னால், கொசு கடிப்பதற்குள் அந்த எழுத்தைத் தட்ட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்தாறு வயதுக்காரிக்குக் கொசு விளையாட்டா? சின்னப் பிள்ளையாக்கிப் பொழுதை ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் தவறினால், “வலது கை லேட்டுக்கா” என்பார். எனக்குப் பின்னால் நின்று பார்க்கிறார் என்று துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். நான் ஜெயிப்பதுகூட அவர் விட்டுக்கொடுப்பதுதான் என்று தோன்றியது. ஒருநாள் வேண்டுமென்றே எல்லாக் கொசுவிடமும் கடி வாங்கினேன்.

“ஏன்க்கா இன்னைக்கு வேணும்னே தோக்குறீங்க?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் பொறுமை போய்விட்டது. ரவி சாருக்குச் சேவியரைத் தெரியாது, அதனால் பொய் சொல்ல மாட்டார் என்று கடிதத்தை நீட்டினேன்.

“சார், இதை அப்படியே வாசிங்க. ஒரு வார்த்தை விடக்கூடாது.”

அவர் விரல் காகிதத்தைத் தடவும் சத்தம் கேட்டது.

“அக்கா, எனக்கும் கண்ணு தெரியாது லா. பொறந்ததுலேருந்தே. யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

“அப்ப என் தப்பை எப்படி சார் பார்த்தீங்க?”

“எங்கக்கா பார்த்தேன்? கொசு சத்தம் என் ஹெட்போன்லயும் வருது. நீங்க கீயை அடிக்கிற அடி ரெண்டு ரூம் தள்ளிக் கேக்குது!”

வெட்கத்தில் செத்துப்போனேன். அவர் கடிதத்தை ஸ்கேனரில் வைத்தார். “இனி நீங்கதான். கொசு விளையாட்டை எப்படித் தேடித் திறப்பீங்களோ, அதே மாதிரி.” என் விரல்கள் தானாகப் போயின. அம்புக்குறி, அம்புக்குறி, என்டர். குரல் வாசித்தது. டெஸ்ட் உண்மை. பழைய வேலை உண்மை. சேவியர் சொன்ன அத்தனையும் உண்மை. நடுவில் ஒரு வரியை மட்டும் அவர் சொல்லவில்லை: தேறாவிட்டால் வேலை அத்தோடு முடியும்.

அம்புக்குறியால் பின்னே போய் அந்த வரியை மூன்று தடவை கேட்டேன். பயமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷத்தில் அழுதேன். ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டேன். ஆண்டவர் என்னையே வாசிக்க வைத்துவிட்டார்.

வீட்டில் சேவியரிடம் கேட்டேன். “அதை வாசிச்சிருந்தா நீ வீட்டை விட்டே இறங்கியிருக்க மாட்ட, மேரி” என்றார். 

டெஸ்டில் தேறினேன். தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் போய்வருகிறேன். மீன்காரர் விஷயம் மட்டும் இன்னும் ஜெபத்தில் இருக்கிறது. உங்களில் யாராவது என்னைப் போல் எல்லாரையும் சந்தேகப்பட்டுத் தவித்தால், அந்தச் சந்தேகத்தையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சேவியர் பிரிக்காமல் என் கையில் வைத்தார். நான் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து, “நீங்களே வாசிங்க” என்றேன். வாசித்தார். நான் ஸ்கேனரில் வைத்துச் சரிபார்க்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி.