முகப்பேரில் புவியீர்ப்பு 10.82

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, துறைத்தலைவராக ஓய்வு பெற்றவன். என் ஆய்வகத்தில் எந்த மாணவரும் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.8 அன்றி வேறு மதிப்புக் கண்டதில்லை. அவர்களில் பலர் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்து அளவீடுகளை நிரப்பினார்கள் என்பதை நான் அறியாதவனல்லன். கையெழுத்து நன்றாக இருந்தால் நான் குறுக்கிட்டதில்லை.

முகப்பேரில் எங்கள் அடுக்ககத்தார் பிள்ளைகளுக்காக அறிவியல் கண்காட்சி நடத்தியபோது என்னை நடுவராக அமர்த்தினார்கள். வேறு யாரை அமர்த்தியிருக்க முடியும் என்பது எனக்குத் தெரியவில்லை.

பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி தனி ஊசல் வைத்திருந்தாள். நூலில் கட்டிய உலோகக் குண்டு ஒருமுறை போய்வர ஆகும் நேரத்தையும் நூலின் நீளத்தையும் கொண்டு புவியின் இழுப்பைக் கணக்கிடும் எளிய சோதனை. அட்டையில் கொட்டை எழுத்தில் 9.6 என்றிருந்தது.

“9.8 அல்லவா வர வேண்டும்?”

“வரல சார். மூணு வாட்டி பண்ணேன். வந்தத எழுதிட்டேன்.”

முதல் பரிசுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தேன்.

“அப்ப நீங்க ஒருவாட்டி பண்ணிக் காட்டுங்க சார்,” என்றாள். அத்தனை பெற்றோர் முன்னிலையில் மறுப்பது என் தகுதிக்கு அழகன்று.

அண்ணனூர் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுக்காரர், கைப்பேசியில் நேரம் பார்க்க முன்வந்தார். நான் குண்டின் மையம் வரை சரியாக நூறு சென்டிமீட்டர் அளந்தேன். குண்டைச் சற்றே இழுத்துவிட்டு, பழைய வகுப்பறைக் குரலில் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று… இருபது.

“முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு,” என்றார் அவர்.

இருபதால் வகுத்துக் கணக்கிட்டேன். 10.82. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கணக்கிட்டேன். மாறவில்லை.

“அதான் சார் நம்ம லிஃப்ட் மேல ஏற மாட்டேங்குது,” என்றார் எதிர்வீட்டுக்காரர். “மத்த ஊரெல்லாம் கரீட்டா கீது. முகப்பேர்லதான் பூமி ஓவரா இஸ்துகினு கீது.”

தம் எடை கூடியதற்கும் அதுவே காரணம் என்றார் ஓர் அம்மாள். சிரிப்பு அடங்கியதும் எதிர்வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, கடைசி நாற்காலி வரை கேட்கும் குரலில் சொன்னார்:

“குண்ட உட்டதுமே ஒண்ணுன்னுட்டீங்க சார். போய்ட்டு வந்தாதானே ஒண்ணு? நீங்க எண்ணுனது பத்தொம்போதுதான்.”

பத்தொன்பதால் வகுத்தேன். 9.77 வந்தது. பேனா பழக்கத்தில் 9.8 என்று எழுதப் போயிற்று. அந்தப் பெண் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததை எழுதினேன். பிறகு பட்டியலை எடுத்து, அடித்த பெயரை முதலிடத்தில் மீண்டும் எழுதினேன். அவள் நூலைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருந்தாள்; 9.6 வந்தது அதனால்தான். அதை எடுத்துச் சொல்லும் நிலையில் நான் அன்று இல்லை.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதாக அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார்கள். கேட்கவில்லை. “பத்தொன்பது” என்று மட்டுமே சொன்னேன். எனக்குப் பதினொன்று வந்ததாக எதிர்வீட்டுக்காரர் சொல்லித் திரிவதும் தவறு. வந்தது 10.82.