மக்பூல் பாய் நிறுத்தி வைத்த கட்டுரை

மக்பூல் அகமது வீட்டில் பேசியது உருது, எழுதியது தமிழ். ஆம்பூரில் இருபத்திரண்டு வருஷம் நாலு பக்க வாரப் பத்திரிகை ஒன்றைத் தனி ஆளாக நடத்தினார். நடுவில் இரண்டு சிறுகதைப் புத்தகமும் போட்டார். விற்றதைவிடச் சும்மா கொடுத்ததுதான் ஜாஸ்தி. ஆனால் பத்திரிகையில் பொய் எழுதினார் என்று ஒருத்தர் வாய் திறக்க முடியாது. யார் சொன்னதை எழுதினாலும், அச்சுக்குப் போகுமுன் அவரிடமே போய் உட்கார்ந்து வரி விடாமல் படித்துக் காட்டுவார். அவர் சரியென்றால்தான் அச்சு.

தோல் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டி சுத்தம் செய்யும் ஜோசுவாவுக்கும் அப்படித்தான் டீக்கடை பெஞ்சில் படித்துக் காட்டினார். இடுப்புக்குக் கயிறு தருவதில்லை, விஷவாயு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, இறங்கு இறங்கு என்று விரட்டுகிறார்கள் என அவன் சொன்னதெல்லாம் அதில் இருந்தது.

"கரெக்டா எழுதிக்கிறீங்க பாய். எம் பேரையும் போட்ருங்க. வேலை போனா போவுது" என்றான் ஜோசுவா.

அந்த நேரம் பார்த்து நகராட்சித் தேர்தல் வந்து தொலைத்தது. "எழுதி எழுதி இன்னா கிழிச்ச? உள்ள போய் உக்காந்தாதான் காரியம் நடக்கும்" என்று தோஸ்துகள் ஏற்றிவிட்டார்கள். இவரும் நின்றார். அந்தத் தொழிற்சாலை முதலாளி கை காட்டினால் வார்டில் பாதி ஓட்டு விழும். கட்டுரை மேஜைக்குள் போனது.

"எலெக்‌ஷன் முடியட்டும்பா. கவுன்சிலரா நானே உள்ள வந்து கேக்கறேன்" என்று ஜோசுவாவிடம் சொன்னார். ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை, பாவம், நம்பித்தான் சொன்னார்.

ஜெயித்தார். மாலை, வேட்டு, ஊர்வலம். அப்புறம் குழாய்த் தண்ணீர்ப் பஞ்சாயத்து, அப்புறம் சாக்கடைப் பஞ்சாயத்து. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே நாலு மாதம் ஓடிப்போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜோசுவா தொட்டிக்குள் இறங்கினான். பிணமாகத்தான் தூக்கினார்கள்.

யா அல்லா! மக்பூல் இரண்டு நாள் சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மேஜையைத் திறந்து கட்டுரையை எடுத்தார். இந்த வாரமே அச்சேற்றிவிட வேண்டும். ஆனால் சரியென்று சொல்ல ஜோசுவா இல்லை. அவன் மனைவி சாராள் எதிரில் போய் உட்கார்ந்து, வரி விடாமல் படித்தார்.

பாதியிலேயே சாராள் நிமிர்ந்து பார்த்தாள். "அவுரு பேசற மாதிரியே இருக்குது பாய். இதெல்லாம் எப்ப சொன்னாரு?"

அவருக்குப் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"எலெக்‌ஷனுக்கு முன்னாடிம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"எங்க தெருவுல வீடு வீடா போய் உங்களுக்கு ஓட்டு கேட்டாரு பாய்" என்றாள். "நீங்க ஜெயிச்சிட்டா, அப்புறம் தொட்டியில எறங்க வேணாம்னு என்கிட்ட சொன்னாரு."