எட்டு டிகிரியும் பதின்மூன்று கையெழுத்தும்

வெல்டாவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தொரு வருடம் மீன் டப்பா ஆலையில் ஈரத்தில் நின்று வேலை பார்த்தவள், மேஸ்திரியையே வாயடைக்க வைத்தவள். இந்த அக்டோபரில் அவள் முதலில் சண்டை பிடித்தது கடலோடு.

லாட்வியாவின் மேற்குக் கரையில் அக்டோபரைப் போல ஒரு வஞ்சகம் கிடையாது. கோடை முழுக்கக் காலை நனைக்க விடாமல் ஜில்லென்று கிடக்கும் கடல், இலையுதிர் காலத்தில் மட்டும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு தெர்மாமீட்டரை இறங்க விடாது. காற்று ஜன்னல் இடுக்கில் புகுந்து திரைச்சீலையை ஆட்டும். மழை பக்கவாட்டில் அடிக்கும். குடை பிடிக்கிறவன் வெளியூர்க்காரன். துவைத்த துணி நாலு நாளாகியும் காயாது. எலும்பு வரை ஈரம் இறங்கிய பிறகும் கணக்குப்படி அது குளிர் இல்லை.

ஏனென்றால் கணக்கு எட்டு டிகிரி. மூன்று நாள் தொடர்ந்து சராசரி எட்டுக்குக் கீழே போனால்தான் நகரக் கொதிகலனிலிருந்து வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயைத் திறப்பார்கள். ஒரு நாள் ஏழரை, மறுநாள் ஏழே முக்கால், மூன்றாம் நாள் எட்டு புள்ளி ஒன்று. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு வாரமாக இதே கூத்து. அதற்கு முன்பே வேண்டுமென்றால் கட்டடத்தில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து நாலு வீட்டுக்குப் பதின்மூன்று கையெழுத்து. பதில் சொல்லாதவன் வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம்.

வெள்ளிக்கிழமை அவள் புருஷன் வில்னிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். நிமோனியா. "வீடு கதகதப்பா இருக்கணும்மா. இன்னொரு தடவை வந்தா நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள்ளே பதினாலு டிகிரி. மின்சார ஹீட்டரைப் போட்டால் பழைய ஒயர் தாங்காமல் ஃபியூஸ் போகிறது. வெல்டா காகிதத்தை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினாள்.

மூன்றாம் மாடி ஓயார்ஸ் அரைக்கை சட்டையோடு வந்து நின்றார்.

"எனக்கு எதுக்கும்மா? என் வீட்டுல வெயில் அடிக்குது."

"உங்க ஜன்னல் தெக்கே பாக்குது அண்ணே. எங்களுது கடலைப் பாக்குது. அங்க என்ன வெயிலா காயுது?"

"கடலைப் பாக்குற வீடுன்னு பீத்திக்கிட்டுதானே வாங்கினீங்க?"

"நீங்க செத்தா உங்க சாவுக்கு நான் வர மாட்டேன்."

"நான் போன பிறகு நீ வந்தா என்ன, வராட்டி என்ன" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். கடன்காரன் என்று அந்தக் கதவைப் பார்த்து வைதுவிட்டு இறங்கினாள்.

ஓயார்ஸாவது கதவைத் திறந்தார். ஒன்பது வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் அயர்லாந்தில், இங்கிலாந்தில். அவர்கள் நம்பரையெல்லாம் தேடிப்பிடித்து வெல்டா கெஞ்சினாள், திட்டினாள். இரண்டு பேர் போனிலேயே கையெழுத்து அனுப்பினார்கள். வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு சேர்ந்தது. இன்னும் ஒன்று வந்தால் அன்றைக்கே குழாயைத் திறப்பதாகக் கொதிகலன் அலுவலகத்தில் சொன்னார்கள்.

இன்னொரு தடவை கேட்டுப் பார்க்க மீதி இருந்தது ஐந்தாம் நம்பர். அயர்லாந்தில் இருக்கும் அவள் மகன் ரைடிஸின் வீடு.

அவனிடம்தான் முதன்முதலில் கேட்டாள், ஒரு வாரம் முன்பு. "வீட்ல எனக்குக் குளிர் தாங்கலடா, கையெழுத்துப் போடு" என்று எழுதினாள். "பூட்டிக் கிடக்குற வீட்டை எதுக்கும்மா காசு கொடுத்துச் சூடாக்கணும்? இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்க" என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையோடு. அப்போதே வில்னிஸ் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். பிள்ளையைப் பதற வைக்காதே என்று அவர் சத்தியம் வாங்கியிருந்ததால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். இப்போது சத்தியமாவது மண்ணாவது என்று நம்பரை அழுத்தினாள்.

"டேய், உன் கையெழுத்து வேணும். இப்பவே."

"திரும்பவும் அதானா? நான்தான் சொன்னேனேம்மா…"

"உங்கப்பா பதினோரு நாளா ஆஸ்பத்திரியில கெடக்கார். நிமோனியா. நாளைக்கு இந்த ஐஸ் பெட்டிக்குள்ளதான் வர்றார். போடுறியா, மாட்டியா?"

அந்தப் பக்கமிருந்து மளமளவென்று கேள்விகள். எந்த டாக்டர், என்ன மருந்து, சாப்பிடுகிறாரா. அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் ஒருமுறை அதிர்ந்தது. கையெழுத்து வந்துவிட்டது. பதின்மூன்று. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னம்மா நீ" என்றான் ரைடிஸ். "அப்பாவுக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா அப்பவே போட்டிருப்பேனே."

வெல்டாவுக்கு உச்சந்தலை வரை சுரீரென்று ஏறியது. ஆலையே அதிரக் கத்திய வாய், அதைத் திறந்தாள். ஆனால் கத்தவில்லை.

"எனக்குக் குளிருதுன்னு அன்னிக்குச் சொன்னேன்டா" என்றாள்.