பிச்சி மொட்டு விரிந்த சாயங்காலம்

பிச்சிப்பூ வாசம் என்றால் எல்லோரும் கண்ணை மூடி ரசிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். கல்யாண வீட்டில் யாராவது தலை நிறைய வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவேன்... பேத்திகளுக்கு இது பெரிய கேலி.

காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன்.

நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கருங்கல் ஊருக்குப் பக்கம் எங்கள் வீடு. அப்பா இறந்ததும், எட்டு வயதில் என்னைத் தோவாளையில் ஒரு பூ வியாபாரி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டு வேலைக்கு. சாப்பாடும் உடுதுணியும் உண்டு, அவ்வளவுதான் பேச்சு.

"சொந்தப் பிள்ள மாதிரி பாத்துக்கிடுவேன்" என்று வீட்டம்மா சொன்னாள். என் அம்மா நம்பினாள்.

சொந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். நான் பாத்திரம் தேய்த்தேன். மத்தியானம் அவளுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நின்று, காலி வாளியோடு திரும்ப வேண்டும்.

ஒருநாள் நான் திரும்பவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்... மடியில் காலி வாளி. டீச்சர் பார்த்தார், பிறகு பாடத்தைத் தொடர்ந்தார். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

வீட்டுக்கு வந்ததும் வீட்டம்மா தென்னை மட்டையால் விளாசிவிட்டாள். "இனி பள்ளிக்கொடத்துல போயி இருந்தேன்னா கால ஒடிச்சிருவேன்!"

முற்றத்தில் கூலிக்குப் பூக்கட்டும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிச்சியை மொட்டாகவே கட்டி, திருவனந்தபுரம் போகும் சாயங்கால பஸ்ஸில் ஏற்ற வேண்டும். விரிந்துவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்.

தங்கம்மை அக்கா கையிலிருந்த வாழைநாரைக் கீழே வைத்தார். அந்தக் கூட்டத்தில் அவர் கைதான் வேகம். வாயும் அப்படித்தான்.

"பிள்ள படிக்கட்டும். காலையிலயும் அந்திக்கும் வேல செய்யட்டும், நடுவுல பள்ளிக்கொடம் போட்டும்."

"அதச் சொல்ல நீ யாருட்டி?"

"நானும் ஒரு வீட்டுல சொந்தப் பிள்ள மாதிரி வளந்தவதான். இப்பமும் கையெழுத்துக்குப் பெருவிரலத்தான் உருட்டுகேன். இவள விடுவேன்னு சொல்லுங்க, பூ கெட்டுகோம்."

மற்றவர்களும் கையை எடுத்துவிட்டார்கள். அன்றைய கூலி போகும் என்று தெரிந்தும் ஒருத்தரும் அசையவில்லை. வீட்டம்மா கத்தினாள், திட்டினாள். வெயில் சாய்ந்தது. கூடையில் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தன... முற்றம் முழுக்க வாசம். நான் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர்கள் எழுந்து போய்விட்டால் என் கதி அதோகதிதான்.

கடையிலிருந்து முதலாளி ஓடி வந்தார். கூடையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "போட்டும்! நாளைக்கே போட்டும்! மிச்சத்தையாவது கெட்டுங்க!"

"நாளைக்கு நானே பள்ளிக்கொடத்துல போயி பாப்பேன் மொதலாளி. பிள்ள அங்க இல்லேன்னா, நாளைக்கும் பூ விரியும்." அதற்குப் பிறகுதான் தங்கம்மை அக்கா நாரைத் தண்ணீரில் நனைத்தார்.

மறுநாள் நான் போனேன். அக்காவும் சொன்னபடி வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு நானே டீச்சராகி, ரிட்டயர்டும் ஆகிவிட்டேன். ஆனாலும் அந்த வாசம் வந்தால் அந்தப் பழைய அடுக்களைக் கதவருகே போய் நின்றுவிடுகிறேன்... பயமும் வருகிறது, கோபமும் வருகிறது.

போன வாரம் சென்னையில் தங்கை மகள் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட், ஏசி, எல்லாம் உண்டு. பத்து வயதுப் பெண் ஒருத்தி காபி கொண்டுவந்தாள்.

"எந்த கிளாஸ் படிக்க மக்கா?"

அவள் தங்கை மகளைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை மகள் சிரித்தாள். "சொந்தப் பொண்ணு மாதிரிதான் வச்சிருக்கோம் பெரியம்மா."

"உன் சொந்தப் பொண்ணு எந்த கிளாஸ்?"

"சிக்ஸ்த்..."

டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். "இவ ஸ்கூலுக்குப் போட்டும். அன்னைக்கு வந்து குடிக்கேன்."

ஃபேமிலி குரூப்பில் எல்லோருக்கும் என்மேல் கோபமாம். வயசான காலத்தில் எதற்கு இந்த வம்பு என்கிறார்கள். கோபம் இருந்துவிட்டுப் போகட்டும்.

தினமும் காலையில் காபி குடிக்கும் முன்னால் தங்கை மகளுக்கு போன் போடுகிறேன். ஒரே கேள்விதான்.

"சேத்தாச்சா?"