கைதி தப்பி ஓடவில்லை

தணிகாசலத்தை புதுச்சேரி கோரிமேட்டுப் பக்கம் ‘சொல்தா’ என்றால்தான் தெரியும்; பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். ஆலைத் தொழிலாளியின் மகன். இளவயதிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, அல்ஜீரியா விடுதலை கேட்டு பிரான்சோடு சண்டை போட்டபோது அங்கே இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு அந்த நாட்டைப் பற்றி அவர் பேசியதெல்லாம் பேரீச்சம்பழமும் குளிரும்தான்.

2001ஆம் வருடம் வெயில் காலத்தில் நிர்மலா அவர் வீட்டுக்கு வந்தாள். கல்லூரியில் சரித்திரம் நடத்துபவள், பாரிசில் படித்தவள். அந்தச் சண்டையில் கைதிகளைச் சித்திரவதை செய்ததையும் கொன்றதையும் பிரெஞ்சு அரசாங்கம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பிரான்சில் பேராசிரியர்களும் வக்கீல்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து அப்போது கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவுக்காகப் புதுச்சேரியில் உயிரோடிருக்கும் பழைய சிப்பாய்களைப் பார்த்துப் பேசும் வேலை நிர்மலாவுடையது.

“பாத்தவங்க வாயால சொன்னாத்தான் ஐயா சர்க்கார் காதுல ஏறும்” என்றாள்.

“பாத்தவன் அப்பவே சொன்னேம்மா. ஏறலியே” என்றார் தணிகாசலம்.

அவர் மனைவி அமிர்தவல்லி காப்பித் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நிர்மலா டேப் ரெக்கார்டரைப் போட்டாள். அவர் நிதானமாகச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை விசாரணைக்கென்று முகாமுக்கு ஏற்றிவந்தது அவருடைய லாரிதான். வழியில் வாத்தியார் தண்ணீர் கேட்டார். தணிகாசலம் தன் குடுவையைக் கொடுத்தார். மறுநாள் விடியற்காலையில் அதே லாரியில் தார்ப்பாய் போட்டு எதையோ மூடி, கல்குவாரிக்கு ஓட்டச் சொன்னார்கள். மேட்டில் ஏறும்போது காற்றில் தார்ப்பாய் விலகியது. லாரியின் பக்கக் கண்ணாடியில் வாத்தியாரின் முகம் தெரிந்தது. சாயங்காலம் முகாமில், கைதி தப்பி ஓடிவிட்டான் என்று வாசித்தார்கள். தணிகாசலம் நேராக முகாம் அதிகாரியான கப்பித்தேனிடம் போய், “அவர் ஓடல, நான்தான் பொணத்த கொண்டுபோனேன்” என்று சொன்னார். அந்த வாரமே அவரைப் பாலைவனக் காவலுக்குத் தூக்கியடித்தார்கள்.

“எங்கிட்டகூட இத சொல்லலியே” என்றாள் அமிர்தவல்லி.

“உங்கிட்ட சொல்லி என்னா ஆவும்? கப்பித்தேங்கிட்ட சொல்லியே ஒண்ணும் ஆவல.”

விஷயம் பரவ நாளாகவில்லை. அவரோடு பட்டாளத்தில் இருந்த கலியபெருமாள் அரியாங்குப்பத்திலிருந்து வந்து சேர்ந்தார்.

“என்னா காரியம் பண்ணி வச்சிருக்க? நம்மள ஆளாக்கினது அந்த சர்க்காரு. எம் புள்ளைங்க ரெண்டும் பாரிசுல இருக்குது. நாளைக்கு அதுங்களுக்கு எதாச்சும் ஆச்சின்னா?”

“நான் பாத்ததத்தான் சொன்னேன்.”

“நீ ஒருத்தன்தான் பாத்தியா? நாங்கல்லாம் பாக்கலியா?”

தணிகாசலம் அவரையே பார்த்தார். “அப்ப நீயும் சொல்லு.”

கலியபெருமாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் வழக்கம்போல பழைய சிப்பாய்கள் எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு நின்றார்கள். தணிகாசலத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கவில்லை. அவர் கடைசிவரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

தணிகாசலத்தின் பேச்சையும் சேர்த்துக் குழு கொடுத்த மனுவுக்கு பிரெஞ்சு அரசாங்கத்திடமிருந்து பதில் வந்தது: அந்தச் சண்டையில் நடந்ததற்கெல்லாம் பொதுமன்னிப்புச் சட்டம் இருப்பதால் விசாரிக்க இடமில்லை. நடந்ததா இல்லையா என்று ஒரு வார்த்தை கிடையாது. நிர்மலா கொதித்துப்போனாள். தணிகாசலம் கோபப்படவில்லை. “அந்த வாத்தியார் பேர் என்னான்னு தெரிஞ்சிதா?” என்று மட்டும் கேட்டார்.

யாசின் என்று பாரிசிலிருந்த பேராசிரியர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். சில மாதம் கழித்து யாசினின் மகள் சமியா தொலைபேசியில் கூப்பிட்டாள். தப்பி ஓடியவர் என்றைக்காவது வருவார் என்று அவள் அம்மா இன்னும் காத்துக்கொண்டிருந்தாளாம். தணிகாசலம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் குவாரிக்குப் போகும் வழியைச் சொன்னார். தண்ணீர் கேட்டதையும் சொன்னார்.

சமியா போய்ப் பார்த்தாள். குவாரி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. தோண்ட வழியில்லை. ஆனாலும் அவள் அம்மா இறந்தவருக்குரிய தொழுகையை நடத்தச் சொன்னாள் என்று மறுமுறை கூப்பிட்டபோது தெரிவித்தாள். அன்று தணிகாசலம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

2006இல் அவர் காலமானார். சாவுக்கு கலியபெருமாள் வந்து, மாலை போட்டுவிட்டு, பந்தலின் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நிர்மலா பக்கத்தில் போனாள். அவள் வாய் திறக்கும் முன்பே, “எங்கிட்ட கேக்காதம்மா, நான் சொல்லமாட்டேன்” என்றார்.

அவள் கேட்கவில்லை. குழு அடுத்த மனுவைக் கொடுத்தபோதும் புதுச்சேரியிலிருந்து தணிகாசலத்தின் பேச்சு மட்டும்தான் அதில் இருந்தது.